எக்ஸ்ரேயில் 'ஒன்றுமில்லை', எம்.ஆர்.ஐ.யில் 'இருக்கிறது': எதை நம்புவது?

வெள்ளவத்தை மகன் கேட்டது:

அம்மாவுக்கு வயது 66. தைப்பொங்கலன்று பானையை இறக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. முதலில் நாரி நோவு (இடுப்பு வலி) என்றுதான் இருந்தது. மாசி முடிவதற்குள் இடது காலில் பெருவிரல்வரை விறைப்பு இறங்கிவிட்டது. தைலம், ஒத்தடம், மாடியில் இருக்கும் அன்ரி கொண்டுவந்த கசாயம் எல்லாம் தீர்ந்த பிறகுதான் டொக்டரைச் சனல் செய்தோம் (காசு கட்டி நேரம் பதிந்தோம்).

முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். "வயதுக்கேற்ற தேய்மானம், வேறு ஒன்றுமில்லை" என்றார்கள். பிறகு வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட். அதிலும் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ள இரண்டு தடவை காசு கட்டினோம். மூன்றாவதாக எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, எல்4, எல்5 என்ற நாரி முள்ளெலும்புகள் இரண்டுக்கும் இடையில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று அறிக்கை வந்தது. அது மூன்று மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது என்றால் முதல் இரண்டு படங்களும் எதைப் பார்த்தன? ரொறன்ரோவிலிருந்து மாமா வேறு ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில், "சி.டி. ஏன் எடுக்கவில்லை?" என்று அம்மாவைக் குழப்புகிறார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்தில் அம்மாவின் தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னார்கள். 41 வருடம் கழுத்திலிருந்து இறங்காதது. அம்மா எழுந்து வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டார். நான் வீதியைக் கடந்து ஓடி ஒரு மஞ்சள் துண்டும் நூலும் வாங்கி வந்தேன். அதை அப்பா அங்கேயே, நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில், அம்மாவுக்குக் கட்டினார். கை நடுங்கியதால் முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. பக்கத்து வாங்கிலில் இருந்த சிங்கள அம்மா ஒருவர், என்ன நடக்கிறது என்று யாரையும் கேட்காமலே எழுந்து நின்றார். இவ்வளவும் உண்மையில் தேவைதானா? பொன்னைக் காந்தம் இழுக்காது என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்?

கொழும்பு 13 எழுதியது:

எல்லாம் வியாபாரம் சகோதரா. இயந்திரம் வாங்கிய கடனை அடைக்க வேண்டாமா? உள்ளே ஏதோ ஒன்று சுற்றிச் சுற்றிச் சத்தம் போடுகிறது, வெளியே நாம் காசு கட்டுகிறோம். என் அப்பாவின் முதுகையும் இப்படித்தான் நான்கு தடவை படம் பிடித்தார்கள்.

பழைய இருட்டறை எழுதியது:

தம்பி கொழும்பு 13 சொல்வதை முற்றாகத் தள்ளமாட்டேன். தேவையில்லாமல் எடுக்கப்படும் படங்கள் உண்டு. முப்பத்தொரு வருடம் அரச சேவையில் ரேடியோகிராபராக இருந்த நானே அப்படிச் சில எடுத்திருக்கிறேன். ஆனால் இந்த அம்மாவுக்கு எடுத்த மூன்றில் ஒன்றுகூட வீணில்லை.

நான் சேவைக்கு வந்த காலத்தில் எக்ஸ்ரே என்றால் இருட்டறை. சிவப்பு விளக்கின் கீழ் பிலிமை மருந்துத் தொட்டியில் தோய்த்துக் கம்பியில் மாட்டிக் காயவிடுவோம். கை எப்போதும் புளித்த நாற்றம் நாறும், மனைவி சோறு போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தொட்டிக்குள் படம் மெல்ல எழும்பி வரும்போது முதலில் தெரிவது எப்போதும் எலும்புதான். 1895இல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரொன்ட்ஜன் தம் மனைவியின் கையைப் பிடித்த படத்திலும் விரல் எலும்புகளும் மோதிரமும்தான் பளிச்சென்று தெரியும், சதை புகைபோல் நிற்கும். முட்டையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பீர்கள் அல்லவா, அதே வேலைதான். கதிர் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வருகிறது. வழியில் யார் அதை மறித்தார்கள் என்பதை நிழலாகக் காட்டுகிறது. எலும்பிலுள்ள கல்சியம் நன்றாக மறிக்கும். தசை, நரம்பு, டிஸ்க் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு மறிப்பதால் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்துவிடும். டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இடைவெளி தெரியும், அவ்வளவுதான். இடைவெளி ஒடுங்கியிருந்தால் தேய்மானம் என்று எழுதுவார்கள்.

ஆகவே எக்ஸ்ரே அறிக்கையில் 'ஒன்றுமில்லை' என்று இருந்தால் எலும்பு முறியவில்லை, நொறுங்கவில்லை, இடம் விலகவில்லை, எலும்பைத் தின்னும் நோய்க்கான அடையாளம் படத்தில் இல்லை என்று பொருள். 66 வயதுப் பெண் ஒருவர் குனிந்து நிமிர முடியாமல் வந்தால் எந்த டொக்டரும் முதலில் விலக்க வேண்டியவை இவைதாம். நரம்பைப் பற்றி எக்ஸ்ரேயிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அதற்குத் தெரியாது.

அல்ட்ராசவுண்ட், பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போன்றது. ஒலியை உள்ளே அனுப்பி எதிரொலியை வாங்குகிறது. சிறுநீரகத்தில் கல், அடைப்பு, வீக்கம் இருந்தாலும் நாரிதான் நோகும் என்பதால் அதைப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஒலி எலும்பைக் கடக்காது, முட்டித் திரும்பிவிடும். முள்ளந்தண்டுக்குள் இருக்கும் நரம்பை அது காண வழியில்லை.

ரொறன்ரோ மாமா சொல்லும் சி.டி.யும் எக்ஸ்ரேதான். ஆனால் ஒரே பக்கத்திலிருந்து அல்லாமல் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கான கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி, கிடைக்கும் அளவுகளைக் கணினி கூட்டிக் கழித்துப் படமாக்குகிறது. எக்ஸ்ரே என்பது முழு அச்சுப் பாணின் (ரொட்டியின்) நிழல் என்றால், சி.டி. அதைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டையும் காட்டுவது. இதை உருவாக்கிய ஹவுன்ஸ்பீல்ட் வேலை பார்த்தது ஈ.எம்.ஐ.யில், ஆம், இசைத்தட்டு வெளியிட்ட அதே ஈ.எம்.ஐ.தான். 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டனில் முதல் நோயாளியின் தலையை அதில் பார்த்தார்கள். இன்றும் அவர் பெயரால்தான் அளக்கிறோம்: தண்ணீருக்குப் பூச்சியம், காற்றுக்குக் கழித்தல் 1000. சி.டி.யில் டிஸ்க் ஓரளவு தெரியும். நரம்பு நசிவதைத் தெளிவாகப் பார்க்க எம்.ஆர்.ஐ.க்கு அது ஈடாகாது. சிலவகை பேஸ்மேக்கர் பொருத்தியவர்களைக் காந்தத்துக்குள் அனுப்ப முடியாது. அப்படியானவர்களுக்கு சி.டி. கைகொடுக்கும். உங்கள் அம்மாவுக்கு அந்தத் தடை இல்லையென்றால், டொக்டர் அதைத் தாண்டிப் போனது சரி.

எம்.ஆர்.ஐ. பார்ப்பது முக்கியமாகத் தண்ணீரை. உடம்பிலுள்ள தண்ணீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஐதரசன் அணுக்கருக்களைப் பெரிய காந்தம் ஒன்று ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. வானொலி அலையால் அந்த ஒழுங்கை ஒரு கணம் குலைத்து, அவை மீண்டும் பழைய நிலைக்கு வரும்போது விடும் சமிக்ஞையைக் கேட்கிறார்கள். கொழுப்பில் இருப்பது ஒரு வேகத்தில் மீளும், நரம்பைச் சூழ்ந்த நீரில் இருப்பது வேறொரு வேகத்தில் மீளும். அந்த வேறுபாடுதான் படத்தின் கறுப்பும் வெள்ளையும். நல்ல டிஸ்க்கின் நடுப்பகுதி நீர் நிறைந்தது, வெளிறித் தெரியும். வற்றிய டிஸ்க் கறுத்திருக்கும்.

இனித் தாலிக்கொடி. பொன்னைக் காந்தம் இழுக்காது, நீங்கள் படித்தது சரி. ஆனால் கழுத்தைச் சுற்றிய உலோக வளையத்தில் வானொலி அலை மின்னோட்டத்தை ஏற்படுத்தலாம், அது சூடேறித் தோலைச் சுடலாம். அதைவிட, பொன்னோடு வேறு உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. இதற்கெல்லாம் மேலாக ஒன்றைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்: எங்கள் பெண்கள் கொடியில் எதைக் கோத்து வைத்திருப்பார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? சேலை ஊசி! இரண்டு மூன்றாவது தொங்கும். அது உருக்கு. காந்தம் அதை முகத்தை நோக்கி இழுக்கும். அச்சரக்கூட்டையும் (தாயத்து) கழற்ற வேண்டும், உள்ளே செப்புத் தகடு இருக்கும்; செம்பைக் காந்தம் இழுக்காது, ஆனால் அதுவும் சூடேறலாம். ஒருநாள் என் சட்டைப் பையிலிருந்த பேனா கிளம்பிப் போய்க் காந்தத்தில் ஒட்டியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு உள்ளே நோயாளி இல்லாதது என் அதிர்ஷ்டம். இயந்திரம் வேலை செய்யாதபோதும் காந்தம் இயங்கிக்கொண்டேதான் இருக்கும், இரவும் பகலும். கொடியைக் கழற்றச் சொன்ன பிள்ளை தன் கடமையைச் செய்தது. மஞ்சள் கட்ட நேரம் விட்டுக் காத்திருந்ததற்கு அந்தப் பிள்ளைக்கு நன்றி சொல்லுங்கள். நான் வேலை செய்த இடங்களில் அந்தப் பொறுமை எல்லோரிடமும் இருந்ததில்லை.

தெஹிவளை மருமகள் எழுதியது:

ஐயா, நீங்கள் அல்ட்ராசவுண்ட் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். எனக்கு முதல் மாதங்களில் ஸ்கான் எடுக்கப் போனபோது ஒன்றரை லீற்றர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். என் இலக்கம் 19. பதினொன்றாம் இலக்கம் உள்ளே போனபோதே எனக்கு உயிர் போய்விட்டது. மாமி பக்கத்தில் இருந்து "பொறு பிள்ளை, பொறு பிள்ளை" என்கிறார், எதிரே சுவரில் நீர்வீழ்ச்சிப் படம் ஒன்று மாட்டியிருக்கிறார்கள்! அதை மாட்டியவர் யார் என்று இன்றுவரை தேடுகிறேன். குழந்தையைப் பார்க்க என் சிறுநீர்ப்பை ஏன் நிரம்ப வேண்டும்? அந்தக் குளிர்ந்த களி எதற்கு?

பழைய இருட்டறை எழுதியது:

பிள்ளை, நீர்வீழ்ச்சிப் படத்துக்கு நான் பொறுப்பில்லை.

கழியொலிக்கு, அதாவது அல்ட்ராசவுண்ட் ஒலிக்கு, பரம எதிரி காற்று. காற்றில் பட்டால் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். தோலுக்கும் கருவிக்கும் இடையில் தாள் அளவு காற்று இருந்தாலும் படம் இல்லை, அதனால்தான் களி. வயிற்றுக்குள்ளும் அதே தொல்லை. குடலில் வாயு இருக்கும், அது கருப்பைக்கு முன்னால் கிடக்கும். சிறுநீர்ப்பை நிரம்பினால் குடலை மேலே ஒதுக்கிவிடும், தானும் தெளிந்த நீராக இருப்பதால் ஒலிக்கு ஜன்னல் திறந்துவிட்ட மாதிரி. மாதம் ஏறக் கருப்பையே வளர்ந்து குடலை ஒதுக்கிக்கொள்ளும், அப்போது இந்தத் தண்டனை இல்லை.

வயிற்றுக்குள் குழந்தையை இப்படிப் பார்க்கலாம் என்று காட்டிய இயன் டொனால்ட் கிளாஸ்கோ நகரத்து மகப்பேற்று வைத்தியர். உலோகத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று தொழிற்சாலையில் சோதிக்கும் கருவியைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தார். 1958இல் கட்டுரை வெளிவந்தது. கொதிகலன் இரும்பைத் தட்டிய ஒலிதான் உங்கள் பிள்ளையின் முதல் படத்தையும் எடுத்தது.

வெண்கட்டி எழுதியது:

பம்பலப்பிட்டியில் பௌதிகவியல் படிப்பித்து ஓய்ந்தவன். இருட்டறை ஐயா சொன்னவற்றோடு இரண்டொன்று சேர்க்கலாமா?

கொழும்பு 13 தம்பிக்கு: உள்ளே சுற்றுவது சி.டி.யில்தான். எம்.ஆர்.ஐ.யில் எதுவும் சுற்றுவதில்லை. பெரிய காந்தத்துக்குள் சிறிய கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. எந்தச் சமிக்ஞை எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பிரித்தறிய அவற்றில் மின்னோட்டத்தை விநாடிக்குப் பல தடவை மாற்றி மாற்றி விடுகிறார்கள். காந்தப்புலத்தில் நிற்கும் கம்பியில் மின் பாய்ந்தால் விசை பிறக்கும், சாதாரண தரத்தில் இடக்கை விதி என்று விரல்களை நீட்டிப் படித்தோமே, அதே விசை. சுருள்கள் அதிர்கின்றன, அதுதான் அந்த இரைச்சல். ஒரு கணக்கும் சொல்கிறேன். எம்.ஆர்.ஐ.யின் 1.5 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறக்குறைய 30,000 மடங்கு. அந்தப் புலத்தில் ஐதரசன் பதிலளிக்கும் அதிர்வெண் சுமார் 64 மெகாஹேர்ட்ஸ். நாம் பாட்டுக் கேட்கும் எப்.எம். வரிசை 88க்குப் பக்கத்தில் தொடங்குகிறது, அதற்குச் சற்றுக் கீழேதான் நம் உடம்பின் நிலையம். வெளியே ஓடும் ஒலிபரப்பெல்லாம் உள்ளே புகுந்து படத்தைக் கெடுக்காமலிருக்க அந்த அறையை உலோகத் தகட்டால், பெரும்பாலும் செப்பால், பொதிந்திருப்பார்கள்.

கதிர்வீச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் அடுத்து மாமா கேட்பார். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் எக்ஸ்ரேக் கதிர் கிடையாது. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் வருடத்துக்குச் சராசரி 2.4 மில்லிசீவெர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) நாம் எப்படியும் வாங்குகிறோம். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று சுமார் 0.1, அதாவது இரண்டு வாரத்துப் பங்கு. நாரி எக்ஸ்ரே அதைவிடக் கூட, ஒன்று ஒன்றரை வரும். வயிற்று சி.டி. எட்டுப் பத்து. தேவைப்பட்டால் பயப்படாமல் எடுக்க வேண்டிய அளவு, தேவையில்லாமல் மாமாவின் மனத்திருப்திக்காக எடுக்கக் கூடாத அளவு.

கொழும்பு 13 எழுதியது:

சுற்றுவது பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன் சேர். வியாபாரம் பற்றிச் சொன்னதை வாங்கமாட்டேன்.

வெள்ளவத்தை மகன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கொடியில் மூன்று ஊசி இருந்தது. அப்பாதான் எண்ணிச் சொன்னார்.

அந்த அரை மணி நேரம் எப்படி இருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். மிளகாய் அரைக்கும் மில்லுக்குள் தலையை விட்டு வைத்தது போல என்றார். இன்னொரு விடயமும் சொன்னார். ஒலிபெருக்கியில் அடிக்கடி ஏதோ சிங்களத்தில் சொன்னார்களாம், இவருக்கு விளங்கவில்லை, எழும்பச் சொல்கிறார்களோ என்று ஒருமுறை தலையைத் தூக்கியிருக்கிறார். அந்தப் பகுதியை மறுபடி எடுத்தார்களாம். இருட்டறை ஐயா, அந்தப் படத்தை நாங்கள் பார்த்தால் ஏதாவது தெரியுமா? உறைக்குள் அப்படியே கிடக்கிறது.

பழைய இருட்டறை எழுதியது:

அவர்கள் சொன்னது "ஹெல்லென்ன எப்பா" என்றிருக்கும், அசைய வேண்டாம் என்று. சி.டி.க்குப் போகிறவர்கள் "ஹுஸ்ம கன்ன" என்றால் மூச்சை இழுக்க வேண்டும், "அல்லாகன்ன" என்றால் பிடிக்க வேண்டும். சிங்களம் தெரியாத பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் எவரும் இந்த மூன்றையும் வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். நான் மூன்று மொழியிலும் சொல்வேன், ஆனால் எல்லா அறையிலும் நான் இருக்க முடியாதே. அரை மணி நேரத்துக்கு அம்மா குறைப்பட்டால், 1977இல் அமெரிக்க வைத்தியர் டமேடியன் முதன்முதலாக ஒரு மனிதரின் உடம்பை இப்படிப் படம் பிடித்தபோது ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆனது என்று சொல்லுங்கள்.

படத்தைத் தாராளமாகப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் பிடியுங்கள். ஒரே பிலிமில் சிறு சிறு கட்டங்களாக இருக்கும். ஆளைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே பிளந்தது போன்ற கட்டங்களைத் தேடி, அவற்றில் முதுகுப் பக்கம் வெள்ளைப் பட்டை ஒன்று மேலிருந்து கீழே ஓடுவதை எடுங்கள். அந்தப் பட்டை நரம்புகளைச் சூழ்ந்த நீர். அதற்கு முன்னால் எலும்புகள் செங்கல்போல் அடுக்கியிருக்கும், அடியில் வால்போல் ஒன்று பின்னோக்கி வளைந்து போகும். அந்த வாலுக்கு மேலே முதல் இடைவெளியை விடுங்கள், இரண்டாவது உங்கள் அம்மாவுடையது. அங்கே வெள்ளைப் பட்டை எப்படியிருக்கிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு வைத்தியம் செய்யத் தொடங்கிவிடாதீர்கள். அறிக்கையை எழுதிய கதிரியக்க வைத்திய நிபுணர் நீங்கள் பார்க்காத ஐம்பது விடயங்களைப் பார்த்திருப்பார். படத்தில் பிதுங்கியிருப்பவரெல்லாம் நோவால் துடிப்பதுமில்லை. அதனால் படத்தோடு காலையும் சேர்த்துப் பார்த்துத்தான் டொக்டர் முடிவு சொல்வார்.

ஒன்று மட்டும்: சிறுநீர் போவது தெரியாமல் போனாலோ, அதை அடக்க முடியாவிட்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அடுத்த சனலுக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள், நடு இரவானாலும்.

வெள்ளவத்தை மகன் எழுதியது:

இன்று பின்னேரம் பல்கனியில், கடல் பக்கத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். வாலிலிருந்து எண்ணினேன். மற்ற டிஸ்க்குகள் வெளிறி இருக்கின்றன, அந்த ஒன்று கறுப்பு. வெள்ளைப் பட்டை அந்த இடத்தில் பெருவிரலால் அழுத்தியதுபோல் உள்ளே வாங்கியிருக்கிறது. அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியை எடுத்து வரச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். "இந்தச் சோளப் பொரி அளவுதானா?" என்றார். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், இவ்வளவு நோவுக்கு இன்னும் பெரிதாக ஏதாவது எதிர்பார்த்திருக்கிறார்.

இப்போதைக்கு மாத்திரையும் பிசியோதெரபியும், ஆறு வாரத்தின் பின் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் டொக்டர். பிலிமை வெயில் படாமல் அலுமாரியில் கூறைச் சேலைக்குக் கீழே வைத்திருக்கிறார் அம்மா. கொடி கழுத்துக்குத் திரும்பிவிட்டது. மூன்று ஊசிகளும்தான்.